ஸ்டார்வ்டு ராக் கேன்யன்களும் இல்லினாய் ஆறும்: காரில் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இல்லினாய் மாநிலம் என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவும்தான். அந்தத் தட்டை நிலத்துக்கு நடுவே, இல்லினாய் ஆற்றின் தென்கரையில், மணற்பாறையை அறுத்துக்கொண்டு போன 18 கேன்யன்கள் இருக்கின்றன. கேன்யன் என்றதும் அரிசோனா அளவுக்குக் கற்பனை செய்யவேண்டாம். இவை இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர், முடிவில் ஓர் அருவி என்று நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய குறுகலான பாறை இடுக்குகள். இதுதான் ஸ்டார்வ்டு ராக் ஸ்டேட் பார்க், 1911இல் மாநில அரசு வாங்கிய இடம். பரப்பு சுமார் 2,600 ஏக்கர், நடைபாதை 13 மைல். சிகாகோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் போய்த் திரும்பும் இடம் என்பதால், கிளம்புமுன் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தொகுத்திருக்கிறோம்.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஆகும்?

சிகாகோ நகர மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் 95 மைல். நெரிசல் இல்லையென்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஐ-55இல் தெற்கே வந்து ஐ-80இல் மேற்கே திரும்பி, 81ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் 178ஆம் சாலை. அதில் தெற்கே யூட்டிகா ஊரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்டினால் பூங்கா வந்துவிடும். ஐ-55இலும் ஐ-80இன் இந்தப் பகுதியிலும் சுங்கம் கிடையாது. ஐ-88 வழியாக வந்தால் உண்டு.

ஜி.பி.எஸ்ஸில் வெறுமனே பூங்காவின் பெயரைப் போட்டால் அது விசிட்டர் சென்டருக்குத்தான் கூட்டிப்போகும். கூட்டம் மொத்தமும் போய்ச் சேரும் இடமும் அதுவே. வேறு கேன்யனுக்குப் போவதாக இருந்தால் அந்தக் கேன்யனின் பார்க்கிங்கைத் தனியாகத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பார்த்த அருவி நேரில் இல்லையே, ஏன்?

தப்பான நாளில் போயிருப்பீர்கள். பூங்காவைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். இந்த அருவிகளுக்குப் பின்னால் பெரிய மலையோ காடோ கிடையாது. மேலே இருப்பது தட்டையான வயல்வெளி. அங்கே பெய்யும் மழை குட்டி ஓடைகளாகச் சேர்ந்து பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. ஓடை சிறியது, அது நீர் வாங்கும் நிலமும் சிறியது. அதனால் மழை நின்ற இரண்டு மூன்று நாளில் அருவி நூலாக இளைத்துவிடும், ஒரு வாரத்தில் பாறையில் ஈரக்கறை மட்டும் மிஞ்சும். 18 கேன்யன்களில் 14இல் அருவி உண்டு என்று எழுதியிருப்பதும் மழைக்குப் பிந்தைய கணக்குதான்.

வசந்தகாலத்தில் பனி உருகும்போதும், ஏப்ரல், மே, ஜூன் மழைக்குப் பின்னும் நீர் நன்றாக இருக்கும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பல கேன்யன்கள் வறண்டு கிடக்கும். அக்டோபர் இலை நிறத்துக்குப் பேர்போனது, ஆனால் அருவிக்கு உத்தரவாதம் கிடையாது. நாளை முடிவுசெய்யும்போது உங்கள் ஊர் வானிலையைப் பார்க்காமல் யூட்டிகா அல்லது லாசால் வட்டாரத்தில் கடந்த 48 மணி நேரத்தில் பெய்த மழையைப் பாருங்கள். நல்ல மழைக்கு மறுநாள்தான் சரியான நாள். சனிக்கிழமை என்று ஒரு மாதம் முன்பே குறித்துவைத்துவிட்டுப் போகிறவர்களைவிட, மழை பார்த்து இரண்டு நாள் முன்பு முடிவெடுப்பவர்களுக்கே அருவி கிடைக்கிறது.

மழை போதவில்லை, ஆனாலும் போயே ஆகவேண்டும் என்றால் செயின்ட் லூயி, லாசால், பிரெஞ்சு ஆகிய மூன்று கேன்யன்களைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை வற்றிய பிறகும் இவற்றில் கொஞ்ச நாள் நீர் நிற்கும்.

மழை அதிகமானாலும் சிக்கல்தான். ஆறு பெருகினால் கரையோரப் பாதைகள் முழுகும், அப்போது பூங்கா அவற்றை மூடிவிடும்.

பதினெட்டில் எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் கால்தான் வலிக்கும். மூன்று அல்லது நான்கு போதும்.

பிரெஞ்சு கேன்யன் விசிட்டர் சென்டரிலிருந்து 0.4 மைல். பக்கம்தானே என்று எல்லோரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். கடைசிச் சில அடிகளில்தான் சங்கதி இருக்கிறது. உள்ளே நுழையும் வழி ஒரு சரிவான ஈரப்பாறை. அதன்மேல் ஓடைநீர் மெல்லிய படலமாக வழிந்துகொண்டிருக்கும், காலை ஊன்ற பாறையில் குழிகள் இருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். இறங்கும்போது பாறைக்கு முகம் காட்டி, பின்னோக்கி இறங்குவது நல்லது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதில் ஏறவேண்டாம்.

வைல்டுகேட் கேன்யன் ஒரு மைல் தொலைவு. பூங்காவின் உயரமான அருவிகளில் ஒன்று இங்கே விழுகிறது. மேலே மரத்தளத்தில் நின்றும் பார்க்கலாம், படியிறங்கி அடியில் போயும் பார்க்கலாம். அடியிலிருந்து பார்ப்பதே அழகு. திரும்ப அத்தனை படியும் ஏறவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

லாசால் கேன்யன் விசிட்டர் சென்டரிலிருந்து 2 மைல். அருவி சுமார் 25 அடிதான், ஆனால் பாறை உள்ளே குடைந்திருப்பதால் நீர்த்திரைக்குப் பின்னாலேயே நடந்து மறுபக்கம் போகலாம். ஒரே ஒரு கேன்யன் பார்க்க நேரம் இருக்கிறது, கால்வலு இருக்கிறது என்றால் இதுதான் என் தேர்வு. 71ஆம் சாலையில் பார்க்மன்ஸ் பிளெய்ன் பார்க்கிங்கில் நிறுத்தினால் நடை ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

செயின்ட் லூயி கேன்யன் மேற்குக் கோடியில் இருக்கிறது. விசிட்டர் சென்டரிலிருந்து நடந்தால் 1.5 மைல், 178ஆம் சாலையோரப் பார்க்கிங்கிலிருந்து வெறும் அரை மைல். அந்தப் பார்க்கிங் சிறியது, காலையிலேயே நிரம்பிவிடும்.

ஒட்டாவா, காஸ்காஸ்கியா கேன்யன்களும் கவுன்சில் ஓவர்ஹாங் என்ற பிரம்மாண்டப் பாறைக் குகைவாயும் கிழக்கே 71ஆம் சாலைப் பார்க்கிங்கிலிருந்து கூப்பிடு தூரம். நடை பெரும்பாலும் சமதளம். இன்னும் கிழக்கே போனால் இல்லினாய் கேன்யன் இருக்கிறது. கூட்டம் குறைவு, வசந்தத்தில் காட்டுப்பூக்கள் அதிகம். ஆனால் ஓடையைச் சில இடங்களில் கடந்தே போகவேண்டும், நீர் கூடுதலாக இருக்கும் நாளில் ஷூ நனையாமல் திரும்ப முடியாது.

டான்டி கேன்யனுக்குப் போகும் பாதை அடிக்கடி மூடப்படுகிறது. அதை நம்பித் திட்டம் போடவேண்டாம்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும்?

கோடையிலும் அக்டோபரிலும் வார இறுதி என்றால் காலை 9 மணிக்குள். பார்க்கிங் நிரம்பியதும் வாயிலிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிற இடம் இது. சாலையோரப் புல்லில் நிறுத்திவிட்டுப் போனால் அபராதச் சீட்டோ, இழுத்துச்செல்லும் வண்டியோ வரும். வார நாளில் விடுப்புப் போட முடிந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

நடைபாதைகள் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான். கேன்யனுக்குள் வெளியைவிட அரைமணி முன்னதாகவே இருட்டு கட்டிவிடும்.

மரங்களில் மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவே, அவை எதற்கு?

வழி தப்பாமல் இருக்கத்தான். மஞ்சள் புள்ளி தெரிந்தால் நீங்கள் விசிட்டர் சென்டரையும் லாட்ஜையும் விட்டு விலகிப் போகிறீர்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் திரும்பி வருகிறீர்கள். ஒரே மரத்தின் இரு பக்கத்திலும் இரு நிறம் இருக்கும். பாதைகளுக்கும் தனி நிறம் உண்டு: ஆற்றோரப் பாதை சிவப்பு, மேட்டு விளிம்புப் பாதை பழுப்பு, இரண்டையும் இணைப்பவை பச்சை. வரைபடத்திலும் அதே நிறங்கள்தான்.

கேன்யனுக்குள் செல்போன் சிக்னலை நம்பமுடியாது. விசிட்டர் சென்டரில் காகித வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டிலேயே வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள்.

இங்கே மட்டும் எப்படி இப்படிப் பாறை?

கேன்யன் சுவரோரம் உதிர்ந்து கிடக்கும் ஒரு சின்னத் துண்டைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். சர்க்கரைபோல மணலாக உதிரும். இதன் பெயர் செயின்ட் பீட்டர் மணற்பாறை. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலோரத்தில் படிந்த, கிட்டத்தட்டக் கலப்பே இல்லாத குவார்ட்ஸ் மணல். மணிகள் உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், அவற்றை ஒட்டவைக்கும் பசைதான் குறைவு. பக்கத்து ஊரான ஒட்டாவாவில் கண்ணாடி செய்ய இதே மணலைத்தான் வெட்டியெடுக்கிறார்கள். சிவில் என்ஜினியர்களுக்கு இன்னொரு விதத்திலும் பழக்கமிருக்கும்: சிமென்ட் பரிசோதனைக்குத் தரப்படுத்தப்பட்ட 'ஒட்டாவா மணல்' இந்தப் பாறைதான்.

பனியுகத்தின் கடைசியில், வடக்கே தேங்கியிருந்த உருகுநீர் உடைத்துக்கொண்டு பெருவெள்ளமாகப் பாய்ந்தது. கங்காக்கீ வெள்ளம் என்று அதற்குப் பெயர். காலம் பற்றிய கணிப்புகள் ஏறத்தாழ 14,000 முதல் 19,000 ஆண்டுகள் வரை வேறுபடுகின்றன. அந்த வெள்ளம் இல்லினாய் ஆற்றின் பள்ளத்தை ஆழமாகத் தோண்டிவிட்டது. ஆறு கீழே போனதும், மேட்டிலிருந்து அதில் கலந்த சிற்றோடைகள் திடீரென்று உயரத்திலிருந்து விழவேண்டியதாயிற்று. விழுகிற இடத்தில் பாறை அரிந்து, அருவி கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னோக்கி நகர்ந்தது. அப்படி நகர்ந்த தடம்தான் ஒவ்வொரு கேன்யனும். பெரும்பாலான கேன்யன்கள் ஏன் அருவியில் போய் முட்டி நிற்கின்றன என்பதற்கும் இதுவே விடை.

தடுப்பைத் தாண்டி விளிம்பில் நின்று படம் எடுத்தால் என்ன?

உயிர் போகும். மிகைப்படுத்தவில்லை. இங்கே நேர்ந்த மோசமான விபத்துகள் பெரும்பாலும் பாதையை விட்டு விலகி விளிம்புக்குப் போனவர்களுக்கு நேர்ந்தவை. காரணம் இரண்டு. கையில் தேய்த்துப் பார்த்த அதே மணல், பாறையின் மேற்பரப்பிலும் உதிர்ந்து கிடக்கும். உருண்டை மணிகள் ஷூவுக்கும் பாறைக்கும் நடுவே பேரிங் குண்டுபோல உருளும், காய்ந்த பாறையில்கூட வழுக்கும். அடுத்தது, விளிம்பில் தரைபோலத் தெரிவது பல இடங்களில் தரையே இல்லை. கீழே பாறை குடைந்துபோய், மேலே வேரும் இலைச்சருகும் சேர்ந்த மெத்தைதான் நீட்டிக்கொண்டிருக்கும். பாதையை விட்டு விலகுவது இங்கே சட்டப்படியும் குற்றம்.

பாறையில் பெயர் செதுக்குவதும் அப்படியே. சாவியால் கீறினாலே பள்ளம் விழும் பாறை இது. 'இன்னார் வந்தார்' என்று எழுதியதை அடுத்த மழை அழித்துவிடாது.

அருவியில் குளிக்கலாமா? ஆற்றில் இறங்கலாமா?

குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு துண்டோடு வருகிறவர்கள் உண்டு. நீச்சலும் நீரில் இறங்கி விளையாடுவதும் பூங்காவில் அனுமதி இல்லை. அருவிநீர் வயல் வழியாக வருவது, வாயில் படவேண்டிய நீர் அல்ல. ஆறோ இன்னும் மோசம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் ஆற்றின் குறுக்கே உள்ள அணைக்குக் கீழே சுழலும் அடியிழுப்பும் உண்டு. பாதையே ஓடையைக் கடக்கும் இடத்தில் கால் நனைவது வேறு, அதை யாரும் தடுப்பதில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். மூட்டுவலி உண்டு. கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பூங்காவின் பொதுக் குணம் படிக்கட்டு. மேட்டுக்கும் கேன்யன் அடிக்கும் நடுவே மரப்படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வாட்டும்.

அவர்களுக்கு ஏற்றது கவுன்சில் ஓவர்ஹாங் பக்கம். 71ஆம் சாலைப் பார்க்கிங்கிலிருந்து மெதுவாக நடந்தால் கால்மணி நேரத்தில் போய்விடலாம், பிரம்மாண்டமும் குறையாது. பாதையில் வேர்கள் உண்டு, கைத்தடி உதவும். ஸ்டார்வ்டு ராக் பாறையின் உச்சிக்குப் போகும் வழியில் படிகள் உண்டு, கைப்பிடியும் உண்டு. நின்று நின்று ஏறினால் முடியும். மேலிருந்து ஆறும் அணையும் முழுதாகத் தெரியும். படியே வேண்டாம் என்றால் லாட்ஜில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். 1930களில் வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் கட்டிய மரக்கட்டிடம் அது, குளிர்காய ஒரு பெரிய கல் கணப்போடு.

ஸ்ட்ரோலர் எந்தக் கேன்யனுக்கும் உதவாது. குழந்தையை முதுகில் சுமக்கும் கேரியர் கொண்டுவாருங்கள்.

என்ன கொண்டுபோவது?

செருப்பு வேண்டாம். கேன்யன் அடி எப்போதும் சேறுதான், ஒரு காலைச் சேறு பிடித்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி சாக்ஸ், சேற்று ஷூவைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை. கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வெளிப் பார்க்கிங்குகளில் வசதிகள் சொற்பம், அதனால் கழிப்பறை, தண்ணீர் இரண்டையும் விசிட்டர் சென்டரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கேன்யனுக்குள் வெளியைவிடக் குளிர்ச்சி, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

சாப்பாடு?

லாட்ஜில் உணவகம் உண்டு, யூட்டிகாவிலும் கடைகள் உண்டு. சைவம் என்றால் தேர்வு குறைவு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் கீழ்ப்பகுதிப் பிக்னிக் மேசையில் உட்காருவதே நிம்மதி. மிச்சத்தை அணிலுக்கோ மானுக்கோ போடாதீர்கள், இலையையும் கவரையும் தொட்டியில் போடுங்கள். ரக்கூன்கள் திறந்த பையை விட்டுவைக்காது.

ஆற்றின் குறுக்கே தெரியும் அணையில் என்ன நடக்கிறது? பக்கத்தில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். மதியம் கேன்யன்களில் கூட்டம் பிதுங்கும் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 178ஆம் சாலையில் வடக்கே பாலத்தைத் தாண்டி, வலப்பக்கம் டீ பென்னட் சாலையில் திரும்பினால் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் இல்லினாய் வாட்டர்வே விசிட்டர் சென்டர் வரும். அங்கே மேடையில் நின்று கப்பல் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

மிச்சிகன் ஏரியிலிருந்து மிசிசிப்பி ஆறு வரை சுமார் 330 மைல் நீளும் நீர்வழியில் எட்டு லாக்குகள் உண்டு, இது அவற்றில் ஒன்று. லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள கான்கிரீட் தொட்டி. இந்தத் தொட்டி 600 அடி நீளம், 110 அடி அகலம். அணைக்கு மேலே உள்ள நீர்மட்டத்துக்கும் கீழே உள்ளதற்கும் சுமார் 18 அடி வித்தியாசம். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, வால்வைத் திறந்தால் மேல்நீர் தானாகவே உள்ளே இறங்கிக் கப்பலைத் தூக்கும். இறக்குவதற்குக் கீழ்ப்பக்க வால்வு. பம்ப் எதுவும் கிடையாது, எல்லாம் ஈர்ப்புவிசையின் வேலை. ஒருமுறை நிரம்ப ஏறத்தாழ மூன்றரைக் கோடி லிட்டர் நீர் பிடிக்கும்.

வேடிக்கை பார்க்கவேண்டியது பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளின் தொடர் வரும்போதுதான். ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம், சுமார் 1,500 டன் பிடிக்கும். அகலவாக்கில் மூன்று, நீளவாக்கில் ஐந்து என்று பதினைந்தைக் கம்பிவடத்தால் பிணைத்து ஒரே இழுவைக்கப்பல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். மூன்று பார்ஜ் அகலம் 105 அடி, தொட்டி 110 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடி இடைவெளியில் நுழைக்கிறார்கள். நீளம் கொள்ளாது என்பதால் முதலில் ஒன்பதைக் கழற்றி உள்ளே விட்டு, வின்ச் கட்டி வெளியே இழுத்து, பிறகு மிச்சம் ஆறும் இழுவைக்கப்பலும் வந்து மறுபடி பிணைத்துக்கொள்ளும். முழுதும் முடிய ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகலாம். கீழ்நோக்கிப் போவது பெரும்பாலும் சோளமும் சோயாவும், மேலே வருவதில் உரமும் உண்டு. கால அட்டவணை கிடையாது. உள்ளே இருக்கும் ஊழியரிடம் அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் சொல்வார்கள்.

கயாக் எடுத்துப் போகலாமா?

ஆற்றில் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். இது சரக்குக் கப்பல் போகும் பாதை. பார்ஜ் தொடர் சட்டென்று நிற்காது, ஓட்டுநருக்கு முன்னால் பல நூறு அடி தூரம் கண்ணுக்கே தெரியாத பகுதி. அது கடந்துபோன பின்னும் இழுவைக்கப்பலின் சுழல் நீண்ட நேரம் ஆற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். கரையோரமாகவே துடுப்பு போடுங்கள், உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். அணைக்கு மேலும் கீழும் எச்சரிக்கைப் பலகையும் மிதவையும் தெரியும் இடத்தோடு திரும்பிவிடுங்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து அணையை நெருங்கினால், கொட்டும் நீர் படகைத் திரும்ப அணையை நோக்கியே இழுக்கும். புதியவர்கள் ஆற்றைப் பார்க்க சுற்றுலாப் படகே போதும்.

குளிர்காலத்தில் போவதில் அர்த்தம் உண்டா?

உண்டு. இரண்டு காரணங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அருவிகள் உறைந்து நீலப் பச்சைப் பனித்தூண்களாக நிற்கும். இதற்கும் முன்கூட்டி நீர் வேண்டும். வறண்ட இலையுதிர் காலத்துக்குப் பின் எவ்வளவு குளிர் அடித்தாலும் தூண் மெலிதாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே போன பிறகு போங்கள். வெயில் ஏறி உருக ஆரம்பித்த நாளில் தூணுக்கு அடியில் நிற்கக்கூடாது, பனிக்கட்டி சொல்லிக்கொண்டு விழாது. ஷூவுக்கு மேல் மாட்டும் பல்வைத்த ரப்பர் பிடிப்பு கட்டாயம். மரப்படிகளில் மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடியாகியிருக்கும்.

மற்றது வெண்தலைக் கழுகு. வடக்கே ஏரிகள் உறைந்ததும் அவை மீன் தேடி இங்கே வரும். அணைக்கதவு வழியாகக் கொட்டும் நீர் கொந்தளிப்பதால் கீழ்ப்பக்கம் உறைவதில்லை, கதவில் அடிபட்டுத் தடுமாறும் மீன்களும் எளிதில் சிக்கும். எதிரே உள்ள பிளம் தீவின் மரங்களில் அவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலை நேரம், பைனாகுலர், பாறை உச்சி அல்லது வடகரை விசிட்டர் சென்டர். ஆற்றில் பனி எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கழுகுகள் ஒரே இடத்தில் குவியும், மிதமான குளிரில் சிதறிவிடும்.

பக்கத்திலேயே மத்தீசன் ஸ்டேட் பார்க் என்கிறார்களே?

178ஆம் சாலையில் தெற்கே சில நிமிடம். லாசாலில் துத்தநாக ஆலை வைத்திருந்த பிரெடரிக் மத்தீசனின் சொந்தப் பூங்காவாக இருந்தது. கேன்யன் ஒன்றுதான், மேல் டெல், கீழ் டெல் என்று இரண்டு தட்டாக இருக்கிறது. நடுவே 45 அடி கேஸ்கேட் அருவி. டெல்ஸ் பகுதிப் பார்க்கிங்கிலிருந்து ஒரு நீண்ட மரப்படிக்கட்டு இறங்கினால் பாலம், அதற்குக் கீழே கேன்யன். ஓடையில் போட்டிருக்கும் தாண்டுகற்கள் மழைநாளில் முழுகிவிடும். ஸ்டார்வ்டு ராக்கில் பார்க்கிங் கிடைக்காமல் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாமல் நேராக இங்கே வாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு, இறங்கியதுமே கேன்யனுக்குள் இருப்பதால், இதுவே மேல் என்றுகூடச் சொல்வேன்.

'பட்டினிப் பாறை' என்று ஏன் பெயர்?

1760களில் ஒட்டாவா பழங்குடி மக்களின் தலைவர் பான்டியாக் கொல்லப்பட, பழிவாங்க வந்தவர்களிடமிருந்து தப்பி இல்லினி பழங்குடி மக்கள் இந்த 125 அடிப் பாறையில் ஏறிக்கொண்டார்கள், சுற்றி வளைக்கப்பட்டுப் பட்டினியால் மடிந்தார்கள் என்பது கதை. பான்டியாக் 1769இல் கொல்லப்பட்டது வரலாறு. முற்றுகை வழிவழியாகச் சொல்லப்படுவது, அவ்வளவே. அதற்கு முன்பே, 1682–83 குளிர்காலத்தில் பிரெஞ்சுக்காரர் லாசாலும் அவருடைய துணைவர் டான்டியும் இந்த உச்சியில் செயின்ட் லூயி கோட்டையைக் கட்டினார்கள். எதிர்க்கரையில் இருந்தது ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த காஸ்காஸ்கியா ஊர். கேன்யன் பெயர்கள் பலவும் இந்த ஆட்களிடமிருந்து வந்தவை.

நுழைவுக் கட்டணம்? நாய்? ட்ரோன்?

இங்கே நெடுங்காலமாக நுழைவுக் கட்டணம் வாங்கியதில்லை. கிளம்புமுன் மாநில இயற்கைவளத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், மூடிய பாதைகளின் பட்டியலும் அங்கேதான் இருக்கும். நாயைக் கயிற்றோடு கூட்டிவரலாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரவு தங்க?

லாட்ஜிலும் மரவீடுகளிலும் அறைகள் உண்டு, இலையுதிர் கால வார இறுதிகள் பல மாதம் முன்பே போய்விடும். கூடாரம் போடுபவர்களுக்கு மின்வசதியுள்ள 133 இடங்கள் கொண்ட முகாம் உண்டு, முன்பதிவு தேவை. முகாம் கேன்யன்களிலிருந்து தள்ளி இருப்பதால் காலையில் மறுபடி காரை எடுக்கவேண்டும்.

பூச்சி, விஷச்செடி ஏதாவது?

பாய்சன் ஐவி பாதையோரமெல்லாம் உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு. அதன் எண்ணெய் பட்டால் ஓரிரு நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் வரும், அதனால் சந்தேகம் வந்த உடனேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், துணியையும் தனியாகத் துவைத்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணி உண்டு. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். வெளிர்நிறக் கால்சட்டை, அதை சாக்ஸுக்குள் செருகுவது, புல்லில் உட்காராதது, இவை உதவும். வீடு திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றவோ தீக்குச்சியால் சுடவோ வேண்டாம். முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்போ தெரிந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.